மாட்ரிடில் ஒயினும் சின்னத் தட்டுகளும்: எந்தத் தெருவுக்குப் போவது?

அக்காவும் அத்தானும், கூடவே அத்தானின் ஆபீஸ் நண்பரும் அவர் மனைவியும், மூன்று நாள் மாட்ரிட் வருகிறோம் என்று சொன்னதிலிருந்து வாட்ஸப்பில் எனக்கு வந்த கேள்விகளில் பாதி ஒன்றே ஒன்றைப் பற்றித்தான். பிராடோ அருங்காட்சியகத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாயங்காலம் எங்கே ஒயின் குடிப்பது, அதோடு சின்னச் சின்னத் தட்டுகளாக டாப்பாஸ் வைப்பார்களே, அது எங்கே நன்றாக இருக்கும், இதுதான் கேள்வி. இணையத்தில் தேடினால் கட்டாயம் போகவேண்டிய 25 இடங்கள் என்று ஒரு பட்டியல் வரும், அதில் பாதி ஊரின் ஒரு மூலையிலும் மீதி இன்னொரு மூலையிலும் கிடக்கும். அதனால் நான் கடைகளை விட்டுவிட்டுத் தெருக்களை ஒப்பிட்டேன். தெரு சரியாக அமைந்துவிட்டால் ஒரு கடை காலை வாரினாலும் பத்தடி தள்ளி அடுத்தது இருக்கும்.

வந்தவர்கள் யார் யார் என்று சொன்னால்தான் இந்த ஒப்பீடு புரியும். அத்தானுக்குச் சிவப்பு ஒயின், அதுவும் நாக்கில் கனமாக நிற்கவேண்டும். அக்கா முட்டை வரை வருவாள், மீனும் கறியும் கிடையாது. நண்பர் மதுவைத் தொடமாட்டார். அவர் மனைவிக்கு முழங்கால் வலி, அரை மணிக்கு மேல் நிற்க முடியாது. நாலு பேருக்கும் சாயங்காலம் ஆறரைக்கே பசிக்கும். இந்த ஊரில் அந்த நேரத்துக்குப் பெயரே கிடையாது. மதியச் சமையலை நாலு மணி வாக்கில் மூடினால் பெரும்பாலான கடைகளில் எட்டு, எட்டரை வரை அடுப்பு எரியாது. உள்ளூர்க்காரர்கள் ஒன்பதுக்கு மேல்தான் வருவார்கள்.

முதலில் ஒரு விஷயம். நமக்கு சைடு டிஷ் என்றால் கிளாஸுக்குத் துணை, அவ்வளவுதான். இங்கே எதற்கு எது துணை என்று சொல்வது கஷ்டம். ஒரு கிளாஸ் கேட்டால் கூடவே நாலு ஆலிவோ கொஞ்சம் சிப்ஸோ சும்மாவே வைப்பார்கள். காசு கொடுத்துக் கேட்பது இரண்டு அளவில் வரும்: முழுத் தட்டுக்கு ரசியோன், பாதித் தட்டுக்கு மீடியா ரசியோன். நாலு பேருக்கு ஒரு கடையில் இரண்டு பாதித் தட்டு போதும். நம் ஆட்கள் செய்கிற தப்பு என்னவென்றால், முதல் கடையிலேயே மெனுவை விரித்துவைத்து ஆறு ஐட்டம் சொல்லிவிட்டு வயிறு நிறைய உட்கார்ந்துவிடுவது. ஒவ்வொரு கடைக்கும் ஒன்றோ இரண்டோதான் கைவந்த ஐட்டம். அதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து நடக்கவேண்டும். ஒயினுக்கும் பெரிய படிப்பு வேண்டாம். கவுன்ட்டரில் நிற்கிறவர்கள் திராட்சையின் பெயரையோ வருடத்தையோ கேட்பதில்லை, ஊர்ப் பெயரைச் சொல்லி ஒரு ரியோஹா, ஒரு ரிபேரா என்கிறார்கள். வெள்ளை வேண்டுமென்றால் ருவேதா, கொஞ்சம் நல்லதாக வேண்டுமென்றால் அல்பாரீன்யோ, இது மட்டும் திராட்சையின் பெயர். அத்தானுக்கு ரிபேரா தெல் துவேரோ என்ற ஒரே பெயரை மனப்பாடம் பண்ணவைத்தேன், மூன்று நாளும் அதை வைத்தே ஓட்டிவிட்டார்.

சரி, தெருக்களுக்கு வருவோம். எல்லாருக்கும் முதலில் தெரிந்திருக்கும் இடம் பிளாசா மயோர் என்ற பெரிய சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சான் மிகெல் சந்தை. 1916இல் கட்டி முடித்த இரும்புக் கட்டடம், சுற்றிலும் கண்ணாடி, இரவில் விளக்கு போட்டால் ரயில் நிலையம் போல ஜொலிக்கும். ஒரு காலத்தில் காய்கறியும் மீனும் விற்ற சந்தை, 2009இல் சாப்பாட்டுக் கடைகளாகத் திறந்தார்கள். உள்ளே ஒரு கடையில் சிப்பி, ஒன்றில் ஆலிவும் ஊறுகாய் மிளகாயும் குத்திய குச்சி, ஒன்றில் வெர்மூட் என்ற மூலிகை ஒயின், ஒன்றில் குரோக்கெட்டா என்ற பொரித்த உருண்டை. ஆளுக்கொரு பக்கம் போய் வாங்கிக்கொண்டு நடுவில் இருக்கும் மேஜைக்கு வரவேண்டும். மேஜையைப் பிடிப்பதற்குள் கல்யாண வீட்டு முதல் பந்திதான் ஞாபகம் வரும், உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நிற்கவேண்டியதுதான். விலையும் வெளியே இருப்பதைவிட அதிகம். சுற்றுலாப் பயணிகளுக்கு என்றே ஆகிவிட்ட இடம், உள்ளூர் நண்பர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் அவர்கள் சிரிக்கிற அளவுக்கு மோசம் என்று நான் சொல்லமாட்டேன். காலை பத்து மணியிலிருந்து இடைவெளி இல்லாமல் திறந்திருக்கும் என்பது ஆறரைக்குப் பசிக்கிறவர்களுக்கு எவ்வளவு பெரிய வரம் என்று இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியாது. சைவம், அசைவம், குடிக்கிறவர், குடிக்காதவர் என்று நாலு திசையில் போகிற கூட்டத்துக்கும் தோது. ஒரு ரவுண்ட் போதும், இரண்டாவது ரவுண்டை அங்கே வாங்காதீர்கள்.

அடுத்தது லா லத்தீனா என்ற பேட்டை, அதில் காவா பாஹா என்ற தெரு. பழைய நகரச் சுவருக்கு வெளியே ஓடிய அகழியின் மேல் உண்டான தெரு, அதனால்தான் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகும். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சும்மா நடந்தால் ஐந்து நிமிடம், வாசலுக்கு வாசல் எட்டிப்பார்த்துக்கொண்டு போனால் நாலு மணி நேரம். சிவப்பு ஒயின் ஆட்களுக்கு என் ஓட்டு இங்கேதான். தாபேர்னா தெம்ப்ரனியோ என்ற கடையில் கவுன்ட்டருக்குப் பின்னால் சுவர் முழுக்க பாட்டில்கள், எல்லாம் ஸ்பெயின் ஒயின்கள், கிளாஸ் கணக்கிலும் கிடைக்கும். அத்தான் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, சிவகாசிப் பட்டாசுக் கடையில் நுழைந்த பையன் மாதிரி ஆகிவிட்டார். கொஞ்சம் தள்ளி காசா லூசியோ இருக்கிறது. உருளைக்கிழங்கு வறுவலின் மேல் முட்டையைப் பொரித்துப் போட்டு, மஞ்சள் கருவைக் கிழங்கோடு உடைத்துக் கிளறும் ஊவேவோஸ் ரோத்தோஸுக்குப் பேர்போன கடை. தெரு முடிகிற இடத்தில் ஹுவானா லா லோகா, அங்கே வெங்காயத்தைப் பொறுமையாக வதக்கிச் சேர்த்த டோர்ட்டியா. டோர்ட்டியா என்றால் மெக்சிகோ ரொட்டி இல்லை. கிழங்கும் முட்டையும் சேர்த்துக் கனமாகச் சுடுவது, வெட்டினால் நடுவில் கொஞ்சம் ஒழுகவேண்டும். ஒழுகாவிட்டால் உள்ளூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள், அக்காவோ ஒழுகுவதைப் பார்த்துச் சுளித்தாள். அப்புறம் சாப்பிட்டாள்.

இந்தத் தெருவுக்கு ஞாயிறு மதியத்தைத் தேர்ந்தெடுக்கலாமா கூடாதா என்பது தனி விவாதம். ஞாயிறு காலை பக்கத்திலேயே எல் ராஸ்த்ரோ என்ற பழைய சாமான் சந்தை. அது கலையும்போது மொத்தக் கூட்டமும் இங்கே வந்து இறங்கும், ஆட்கள் கிளாஸோடு தெருவில் நிற்பார்கள், நடக்க வழி இருக்காது. ஊரின் களையைப் பார்க்கவேண்டும் என்றால் அதைவிட நல்ல நேரம் கிடையாது. முழங்கால் வலியோடு ஒருவர் கூட இருந்தால் அதைவிட மோசமான நேரம் கிடையாது. நாங்கள் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கே போனோம். வெர்மூட் குடிக்கும் நேரம் அது, சாப்பாட்டுக் கூட்டம் இரண்டுக்கு மேல்தான் வரும், ஸ்டூல் கிடைத்தது.

இந்தத் தெருவின் குறை, முக்கால்வாசிக் கடைகள் ஒரே மாதிரி இருப்பது. வாசலில் நின்று மெனு அட்டையை நீட்டிக் கூப்பிடுகிறவர் இருந்தால் அந்தக் கடைக்குப் போகாதீர்கள். நான் இந்த விதியை மீறி ஒரு தடவை, காவா பாஹாவில் இல்லை, வேறு பக்கம், ஒரு கடையில் வெளி மேஜையில் உட்கார்ந்தேன். பில்லைப் பார்த்தால் உள்ளே நிற்கிறவருக்கு ஒரு விலை, வெளியே உட்கார்ந்தவருக்கு ஒரு விலை. மெனுவின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள், அதனால் சண்டை போடவும் வழியில்லை.

மூன்றாவது எழுத்தாளர் பேட்டை, அதாவது பார்ரியோ தே லாஸ் லெத்ராஸ், ஊர் நடுவில் இருக்கும் புவெர்த்தா தெல் சோல் சதுக்கத்திலிருந்து பத்து நிமிட நடை. டான் கிஹோத்தே எழுதிய செர்வாந்தேஸும் நாடகாசிரியர் லோபே தே வேகாவும் வாழ்ந்த பகுதி. இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது, ஆனால் லோபேயின் வீடு இருப்பது செர்வாந்தேஸ் தெருவில், செர்வாந்தேஸைப் புதைத்த மடம் இருப்பது லோபே தே வேகா தெருவில். பெயர் வைத்த புண்ணியவான் நம்மூர் ஆளாக இருக்கவேண்டும். உவெர்தாஸ் தெருவில் தரையிலேயே எழுத்தாளர்களின் வரிகளைப் பதித்திருக்கிறார்கள், இரண்டு கிளாஸுக்கு அப்புறம் குனிந்து படிப்பது நல்ல பொழுதுபோக்கு.

இந்தப் பேட்டைக்கு நான் ஓட்டுப் போடுவதற்கு ஒரே காரணம் எச்செகராய் தெருவில் இருக்கும் லா வெனென்சியா. வெனென்சியா என்றால், ஷெர்ரி என்ற தெற்கு ஸ்பெயின் ஒயினின் பீப்பாய் வாய்க்குள் விட்டு, மேலே மிதக்கும் ஈஸ்ட் ஆடையைக் கலைக்காமல் உள்ளிருக்கும் ஒயினை மொள்ளுகிற, நீளப் பிடி போட்ட சின்னக் குவளை. நம் எண்ணெய்க் கடையில் டின்னுக்குள் விட்டு எடுப்பார்களே, அதன் ஒல்லியான தம்பி. கடையில் ஷெர்ரி மட்டும்தான். பீர் கிடையாது, கோலா கிடையாது, சிவப்பு ஒயினும் கிடையாது. மன்சனியா, ஃபினோ, அமொன்டியாடோ, பாலோ கோர்த்தாதோ, ஒலொரோசோ, இந்த ஐந்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். சுவரெல்லாம் புகையும் வருடங்களும் சேர்ந்து புகையிலை நிறமாகிவிட்டது, பழைய ஷெர்ரி விளம்பரத் தாள்கள் அப்படியே பழுத்துக் கிடக்கின்றன. படம் எடுக்கக் கூடாது, டிப்ஸ் வாங்கமாட்டார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் குடியரசுப் படையினர் கூடிய இடம், படத்தால் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று வந்த விதி அது என்று சொல்வார்கள்.

நீங்கள் சொன்னதை எழுதிக்கொள்ள அங்கே பேப்பர் கிடையாது. உங்கள் முன்னால் கவுன்ட்டர் மரத்தின் மேலேயே சாக்பீஸால் எண்ணை எழுதுவார். இன்னொரு கிளாஸ் கேட்டால் அடியில் இன்னொரு எண். கைமுட்டியை ஊன்றி நின்றால் கணக்கு சட்டையில் ஒட்டிக்கொள்ளும், நண்பரின் நீலச் சட்டையில் ஒட்டியது. கிளம்பும்போது கூட்டி ஒரு கோடு போட்டார், காசை வாங்கிக்கொண்டு ஈரத்துணியால் ஒரே இழுப்பு. டீக்கடைக் கணக்கு நோட்டை வருடக்கணக்காக வைத்திருக்கும் ஊரிலிருந்து வந்தவர்கள், வாயடைத்து நின்றார்கள்.

ஷெர்ரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நமக்கு ஒயின் என்றால் கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி பாட்டிலில் கொடுத்துவிடும் இனிப்புச் சமாச்சாரம். ஃபினோவும் மன்சனியாவும் அதற்கு நேர் எதிர்: எலும்பு போல் வறண்டது, கடல் காற்று மாதிரி ஒரு உப்பு, கடைசியில் பாதாம். ஆடை மூடிய பீப்பாயில் காற்றுப் படாமல் வளர்வதால் வருகிற ருசி. காற்றுப் பட்டே வளர்கிற ஒலொரோசோ பழுப்பாக, வால்நட் வாசனையோடு இருக்கும், வாசனையில் இனிக்கும், நாக்கில் இனிக்காது. சாராயம் சேர்த்துக் கூட்டிய ஒயின் என்பதால் ஃபினோவும் மன்சனியாவுமே 15 சதவீதம், மற்றவை இன்னும் மேலே. கிளாஸ் சின்னதாக இருக்கிறதே என்று மூன்றாவதைக் கேட்காதீர்கள். அத்தான் கேட்டார்.

கூட வைத்துக்கொள்ள மோஹாமா என்று ஒன்று உண்டு, சூரை மீனை உப்பிட்டுக் காயவைத்து மெல்லிய சீவலாக, ஆலிவ் எண்ணெய் விட்டுத் தருவது. ஒரே வார்த்தையில் கருவாடு, வறுக்காத கருவாடு. தூத்துக்குடிப் பக்கத்து நாக்கு இருந்தால் ஒலொரோசோவோடு அதைச் சாப்பிட்டுப் பாருங்கள். அக்காவுக்கு ஆலிவ், உப்புப் பாதாம், சீஸ் என்று ஓடியது. ஆனால் நண்பருக்குத் தண்ணீர்தான். முழங்கால்காரருக்குப் பின்பக்கம் சில மேஜைகள் உண்டு, கடை திறந்ததுமே போனால் கிடைக்கும், ஒன்பது மணிக்குப் போனால் கிடைக்காது.

அங்கிருந்து சில நிமிட நடையில் விக்தோரியா தெருவில் லா காசா தெல் அபுவேலோ, 1906இல் ஆரம்பித்த கடை, இறாலுக்குப் பேர்போனது. பூண்டும் காய்ந்த மிளகாயும் ஆலிவ் எண்ணெயில் கொதிக்கக் கொதிக்க, சின்ன மண்சட்டியில் இறாலைப் போட்டு அப்படியே கவுன்ட்டரில் வைப்பார்கள். எண்ணெய் சடசடவென்று பேசிக்கொண்டே வரும், அது அடங்கும்வரை கை வைக்காதீர்கள். அடங்கியதும் ரொட்டியைப் பிய்த்துச் சட்டியின் அடிவரை துடைக்கலாம், யாரும் ஏளனமாகப் பார்க்கமாட்டார்கள். கூடக் கொடுப்பது அவர்களுடைய சொந்த இனிப்புச் சிவப்பு ஒயின். ஒயின் தெரிந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், பூண்டுக் காரத்துக்கு அது எப்படிப் போகிறது என்று எனக்குத்தான் தெரியும். ஷெர்ரி பிடிக்காமல் உதட்டைப் பிதுக்கிய நண்பரின் மனைவி இங்கே இரண்டாவது கிளாஸ் கேட்டார்.

இன்னும் நடக்கத் தெம்பிருந்தால் சோலுக்கு அந்தப் பக்கம் 1860இல் ஆரம்பித்த காசா லாப்ரா. 1879இல் ஸ்பெயினின் சோஷலிஸ்டுக் கட்சியை இந்தக் கடையில் கூடித்தான் தொடங்கினார்கள், ஜனங்கள் வருவது என்னவோ உப்புக்கண்ட காட் மீன் பஜ்ஜிக்கு. தீனிக்கு ஒரு வரிசை, குடிக்க ஒரு வரிசை; இரண்டு ஆளாகப் போனால் ஆளுக்கொன்றில் நிற்கலாம். வேகமாக முடிகிற கடை, உட்காரும் ஆசையோடு போகாதீர்கள். உட்கார்ந்தே ஆகவேண்டும் என்றால் உவெர்தாஸ் தெருவில் 1827ஆம் வருடத்துக் காசா அல்பெர்த்தோவில் மேஜை உண்டு, எருதுவால் குழம்பும் உண்டு.

போன்சானோ தெருவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வடக்கே சாம்பெரி என்ற பேட்டையில் இருக்கிறது, மெட்ரோ பிடிக்கவேண்டும், வியாழன் ராத்திரியிலிருந்து ஆபீஸ் முடித்த இளவட்டங்கள் நிரம்பி வழிவார்கள், அந்தத் தெருவில் சுற்றுவதற்கே போன்சானிங் என்று ஒரு சொல்லை உண்டாக்கியிருக்கிறார்கள். கறிக்கடை மாதிரியே ஜோடித்த சாலா தே தெஸ்பியெசேயில் சமையல் புத்திசாலித்தனமானது, நானே சொல்வேன் ஊரில் டாப்பாஸின் புதுமுகம் அதுதான் என்று. சுற்றுலாக் கூட்டம் குறைவு. ஆனால் ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழாது, பாதி இடத்தில் நின்றுதான் சாப்பிடவேண்டும், இரைச்சலைப் பற்றி அங்கே குடியிருப்பவர்களே புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முப்பது வயதுக்குக் கீழே என்றால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போங்கள். எங்கள் கூட்டத்துக்கு அது சரிவராது.

மலசானியா என்ற பேட்டையின் ஓரத்தில் இருக்கும் லா ஆர்தோசாவைத் தெருவோடு சேர்க்காமல் தனியாகவே சொல்கிறேன். 1892ஆம் வருடத்துக் கடை, குழாயிலிருந்து வெர்மூட், நல்ல டோர்ட்டியா, தக்காளியை ரொட்டியோடு அரைத்துக் குளிரவைத்த சல்மொரேஹோ. பின்னறைக்குப் போகக் கவுன்ட்டர் பலகைக்கு அடியில் குனிந்து நுழையவேண்டும், வேறு வழியே கிடையாது. முழங்கால்காரருக்கு இதைச் சொன்னபோது அவர் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

சைவம் என்று சொல்லிக்கொண்டு இந்த ஊரில் சாப்பிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கறி இல்லையே என்று கேட்டு, இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணிய ஒரு கடையில், அக்காவுக்கு வந்த பச்சைப் பட்டாணிக்குள் பொடிப்பொடியாகப் பன்றிக்கறி. திரும்பக் கேட்டால், அது கறி இல்லை, ஹமோன் என்றார், அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை. ஏமாற்றவில்லை, அவர் மனதார அப்படித்தான் நினைக்கிறார். அதனால் சின் ஹமோன், சின் அதூன் என்ற இரண்டையும் சொல்லிப் பழகுங்கள், அதாவது ஹமோனும் வேண்டாம், சூரை மீனும் வேண்டாம். சல்மொரேஹோவின் மேலே ஹமோன் தூவுவார்கள், குரோக்கெட்டாவின் உள்ளே இருக்கும், உருளைக்கிழங்கு சாலட் என்று நம்பி வாங்கும் என்சலதியா ருசாவில் மீன் இருக்கும். நம்பிக் கேட்கக்கூடியது டோர்ட்டியா, சீஸ், கத்தரிக்காயை வறுத்துத் தேன் ஊற்றித் தருவது, அப்புறம் பிமியேந்தோஸ் தே பத்ரோன். இந்தக் கடைசி ஐட்டம் உப்புத் தூவி வாட்டிய குட்டிப் பச்சை மிளகாய், பத்துக்கு ஒன்று உறைக்கும், எது என்று கடிக்கும்வரை தெரியாது. எங்கள் மேஜையில் அந்த ஒன்று ஒவ்வொரு தடவையும் அக்காவுக்கே வந்தது, அவள்தான் இன்னொரு தட்டு கேட்டாள்.

குடிக்காதவர்களுக்கு மோஸ்தோ. புளிக்காத திராட்சைச் சாறு, ஒயின் கிளாஸிலேயே ஐஸ் போட்டுத் தருவார்கள், பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது, கையில் கோலா டின்னோடு தனித்துத் தெரியவேண்டியதில்லை. இது லா லத்தீனாவிலும் சந்தையிலும் கிடைக்கும், ஷெர்ரிக் கடையில் கிடைக்காது. தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள், 2022 சட்டப்படி குழாய்த் தண்ணீரைச் சும்மாவே தரவேண்டும். மலையிலிருந்து வருகிற தண்ணீர், நன்றாகவே இருக்கும்.

கடைசியில் நாங்கள் செய்தது இதுதான். வெள்ளிக்கிழமை ஆறரைப் பசிக்குச் சந்தையில் ஒரு ரவுண்ட், ஷெர்ரிக் கடை திறந்ததும் அங்கே, எட்டரைக்கு இறால். சனி மதியம் காவா பாஹா. ஞாயிறு அவர்கள் இஷ்டம் என்று விட்டேன், நாலு பேரும் ஒரே குரலில் மறுபடி சாக்பீஸ் கடை என்றார்கள், மோஸ்தோகூடக் கிடைக்காத நண்பரும் சேர்த்து. உங்களுக்கு ஒரே ஒரு சாயங்காலம்தான் என்றால் எழுத்தாளர் பேட்டை. வயதானவர்களும் குழந்தைகளும் கூட இருந்தால் லா லத்தீனாவின் மதியம். மழை கொட்டினால் சந்தை. மெட்ரோ ராத்திரி ஒன்றரை வரை ஓடும், அவசரப்படவேண்டாம். ஆகஸ்டில் வருகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள், பழைய கடைகளில் பலதும் வீட்டோடு விடுமுறைக்குப் போய்விடும். ஷட்டரில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் தேதி இருக்கும், பார்த்துவிட்டு அடுத்த வாசலுக்கு நடங்கள்.